லைசென்ஸ் உங்கள் பெயரில்: ஒரகடம் பாதையில் மாறும் விதிகளோடு லாரி ஓட்டுவது

சிங்கப்பெருமாள்கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கும் ஒரு லாரியை நிறுத்த உரிமையுள்ளவர்கள் பலர். பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தினால் எஃப்.சி.யும் பர்மிட்டும் கேட்பார். போக்குவரத்துப் போலீஸ் முதலில் லைசென்ஸைக் கேட்பார். வணிகவரிப் பறக்கும் படைக்கு இ-வே பில் வேண்டும். டோல்கேட்டில் ஃபாஸ்டேக். கம்பெனி கேட்டில் இவை எல்லாவற்றோடும் பாதுகாப்பு ஷூவும் சேரும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. கடந்த சில வருடங்களில் அத்தனை புத்தகமும் திருத்தப்பட்டிருக்கிறது.

இந்த அத்தியாயம் ஓட்டுநருக்கானது. ஓனர், டிரான்ஸ்போர்ட் மேனேஜர், சூப்பர்வைசர் எல்லோரும் படிக்கலாம். ஆனால் கணக்கு ஓட்டுநர் பக்கத்திலிருந்தே போடப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. அபராதத்தை ஓனர் கட்டிவிடலாம். லைசென்ஸ் முடக்கம், வழக்கு, மூன்று மாதம் ஸ்டியரிங் தொடாமல் வீட்டில் உட்காருவது ஆகியவற்றை உங்களுக்குப் பதிலாக வேறு யாரும் ஏற்க முடியாது.

1. “புது ரூல் வந்துடுச்சு” என்று செய்தி வந்தால்

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும் செய்தியில் பாதி உண்மை, மீதி அவசரம். நம்புவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. வரைவா, இறுதி அறிவிக்கையா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முதலில் வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும். வரைவு யாரையும் கட்டுப்படுத்தாது.

2. எந்தத் தேதியிலிருந்து? அறிவிக்கப்பட்ட நாளும் அமலாகும் நாளும் பெரும்பாலும் வேறு வேறு.

3. எந்த வண்டிக்கு? ஏ.சி. கேபின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் இறுதி அறிவிக்கை வந்தது. அது 2025இல் தொடங்கி தொழிற்சாலையில் புதிதாகத் தயாராகும் என்2, என்3 வகை லாரிகளுக்கு மட்டும். என்2 என்றால் 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை. என்3 என்றால் 12 டன்னுக்கு மேல். உங்கள் பத்து வருடப் பழைய வண்டியில் ஏ.சி. இல்லை என்று யாராவது சலான் போட வந்தால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பாரத்பென்ஸ் லாரிகள் ஒரகடத்திலேயேதான் தயாராகின்றன. அந்தக் கேட்டுக்கு வெளியே கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கேபினில் வேகும் ஓட்டுநர்களுக்கு இந்த விதி எப்போது வந்து சேரும் என்பது அவர்கள் ஓனர் எப்போது வண்டி மாற்றுகிறார் என்பதைப் பொறுத்தது.

4. தமிழ்நாட்டில் அமலா? 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் அபராதப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஸ்பாட்டில் கட்டும் சமரசத் தொகையை உயர்த்தித் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 2022 அக்டோபரில்தான். நடுவில் மூன்று வருடம் பக்கத்து மாநிலத்தில் ஒரு தொகை, இங்கே ஒரு தொகை என்று லைன் வண்டிக்காரர்கள் குழம்பியது இதனால்தான்.

இந்த நான்கு கேள்வியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹிட் அண்ட் ரன் பிரிவே சாட்சி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்திவிட்டு, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் தப்பிப்போகும் ஓட்டுநருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 2024 ஜனவரி முதல் தேதியையொட்டி நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸோடு பேசிய பிறகே இந்தப் பிரிவைப் பற்றி முடிவெடுப்போம் என்று உள்துறைச் செயலர் உறுதி சொன்னார். பிறகு 2024 பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலாகும், 106(2) மட்டும் நீங்கலாக, என்றது.

இதைப் பல ஓட்டுநர்கள் “அந்தச் சட்டமே ரத்து” என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆபத்தான தப்பு. நிறுத்திவைக்கப்பட்டது தப்பியோடுவதற்கான பத்து வருடப் பிரிவு மட்டுமே. 106(1) அமலில் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் இரண்டு வருடம் வரை சிறை. இப்போது 106(1)இன் கீழ் ஐந்து வருடம் வரை. போராட்டம் எதைப் பற்றியதோ அது நின்றது. அதன் பக்கத்துப் பிரிவு சத்தமில்லாமல் கடுமையாகிவிட்டது.

2. லைசென்ஸ்: இரண்டு தேதி, ஒரு அட்டை

உங்கள் லைசென்ஸ் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். செல்லுபடியாகும் தேதி இரண்டு இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு; இன்னொன்று போக்குவரத்து வாகனத்துக்கு, அதாவது டிரான்ஸ்போர்ட்டுக்கு. சொந்த வண்டித் தேதி பல வருடம் தள்ளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு “இன்னும் நாள் இருக்கு” என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் செக்கிங்கில் மாட்டுகிறார்கள். லாரிக்கு டிரான்ஸ்போர்ட் தேதி மட்டுமே கணக்கு.

2019 திருத்தத்துக்குப் பிறகு மாறியவை:

- டிரான்ஸ்போர்ட் லைசென்ஸின் ஆயுள் 3 வருடத்திலிருந்து 5 வருடம் ஆனது. அபாயகரப் பொருள் ஏற்றுவோருக்கு 1 வருடத்திலிருந்து 3 வருடம்.
- காலாவதிக்குப் பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்றிருந்த சலுகை போய்விட்டது. தேதி முடிந்த மறுநாள் ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு.
- தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.
- எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி நீக்கப்பட்டது. படிக்காத காரணத்தால் கிளீனராகவே தங்கிவிட்ட அண்ணன் யாராவது உங்கள் வண்டியில் இருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

சிறிய வண்டி ஓட்டுவோருக்கு ஒரு முக்கியமான தீர்ப்பு: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி டிரான்ஸ்போர்ட் பதிவு வேண்டாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. சிப்காட்டுக்குள் உதிரிபாகம் சுமக்கும் சின்ன வண்டிகள் பல இந்த வரம்புக்குள் வரும். ஆனால் ஆர்.சி.யைப் பார்க்காமல், வண்டியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

புதுப்பிக்கும் வரிசை:

1. பரிவாஹன் இணையதளத்தின் சாரதி பகுதியில் உங்கள் லைசென்ஸ் எண், பிறந்த தேதி கொடுத்துத் திறங்கள். கைபேசி எண் பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ஓ.டி.பி. வராமல் வேலை நகராது.
2. படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு எந்த வயதிலும் இது வேண்டும். கையெழுத்துக்காக மட்டும் போகாமல் கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறித் தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
3. முகவரியைச் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில்தான் வருகின்றன. கதவு பூட்டியிருந்தால் தபால் திரும்பிப் போகும். ஊர் முகவரி ராமநாதபுரத்தில், நீங்கள் இருப்பது சுங்குவார்சத்திரத்து அறையில் என்றால் வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
4. கட்டணம் கட்டி, நேரம் எடுத்து, அந்த நாளில் உரிய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்தின் குறியீடு டிஎன் 87.

குறிப்பு: காலாவதி லைசென்ஸோடு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை ஓனரிடம் திரும்ப வசூலிக்கக் கேட்கும். ஓனர் அடுத்து யாரைப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

3. லோடு: கேட்டைத் தாண்டுவதற்கு முன்

இந்தப் பாதையில் அதிகம் மாட்டுவதும் அதிகம் உயிரெடுப்பதும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது. மூன்று அச்சுக்கு 25 டன் 28.5 டன் ஆனது. உடனே “இனி ரெண்டு டன் கூடப் போடலாம்” என்று பேச்சு கிளம்பியது. அப்படி இல்லை. சட்டம் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடையை. அதில் 16,200 என்று இருந்தால் உங்களுக்கு 16,200தான்.

மீறினால் 194ஆவது பிரிவு: 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் கூலி தனி. அதிக லோடை இறக்காமல் வண்டி நகர முடியாது. எடை போட வண்டியை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் போனால் 40,000. ஆர்.சி.யில் 18,500 கிலோ, எடைச் சீட்டில் 21,500 கிலோ என்றால் மூன்று டன் அதிகம்; அபராதம் 26,000 ரூபாய். இந்தப் பிரிவு “ஓட்டுபவர்” என்றுதான் தொடங்குகிறது, ஓட்ட வைப்பவர் அதற்குப் பிறகே வருகிறார். இதோடு முடியாது. உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் சொன்னபடி, அதிக லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, ஓட்டும்போது கைபேசி, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

லோடு ஏற்றும் வரிசை:

1. ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை இரண்டையும் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள்.
2. காலி வண்டியை டீசலோடு, ஸ்டெப்னியோடு, ஆளோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யின் காலி எடைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும். பாடி கட்டியபின் சேர்ந்த இரும்பெல்லாம் இதில் தெரியும்.
3. இன்வாய்ஸில் உள்ள எடையை நம்பாதீர்கள். அது பொருளின் எடை மட்டும். பேலட், பெட்டி, கன்டெய்னர் சேராது. இருபது அடிக் கன்டெய்னரே காலியாக இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். ஏற்றுமதிக் கன்டெய்னருக்கு 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். என்ற சரிபார்த்த எடை கட்டாயம். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு டிரெய்லர், டிராக்டர் எடையைக் கூட்டினால்தான் சாலை எடை கிடைக்கும்.
4. லோடு ஏற்றியபின் எடைச் சீட்டில் வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் சரியா என்று பாருங்கள். முந்தின வண்டியின் சீட்டைக் கொடுத்து அனுப்புவது அடிக்கடி நடக்கும்.
5. எடை அதிகமென்றால் கேட் பாஸ் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். ஒரு செய்தி போதும்: “அண்ணே, எடை 21,500 வருது, ஆர்.சி.யில 18,500தான். மூணு டன் இறக்கினாத்தான் எடுக்க முடியும். சீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன்.” போனில் பேசினால் சாட்சி இல்லை, செய்தியில் தேதியும் நேரமும் தானாக விழும்.
6. சீட்டை லோடு இறக்கும்வரை பத்திரமாக வையுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தும் வண்டி ஆடினால், எடை விழுந்த இடம் தப்பு. கார் கம்பெனிகளுக்குப் போகும் ஸ்டீல் காயில்தான் இதில் முதல் எதிரி. ஒரு காயில் பல டன். மொத்தமும் ஒரே இடத்தில் உட்காரும். பின்பக்கம் தள்ளி வைத்தால் முன் சக்கரத்தில் பிடிப்பு குறைந்து ஸ்டியரிங் லேசாகும். கேபினை ஒட்டி வைத்தால் பிரேக் அடிக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் அது நிற்கிறது. இருபுறமும் மர ஆப்பு, ஆப்பு நகராமல் தடை, மேலே குறுக்காகச் சங்கிலி. மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். முதல் சில கிலோமீட்டர் ஓட்டியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சங்கிலியை மறுபடி இழுத்துப் பாருங்கள், நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கன்டெய்னர் என்றால் நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக் திரும்பியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒரகடம் மேம்பாலத்துப் பக்கத்து வளைவுகளில் பூட்டாத பெட்டி சரிந்தால் பக்கத்தில் போகும் பைக்குக்குத் தப்ப இடமில்லை.

கட்டடக் கம்பி ஏற்றுவோர் கவனத்துக்கு: பாடிக்கு வெளியே ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம் என்ற பழைய சலுகை 2014இலேயே போய்விட்டது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்பது பழங்கதை.

4. பேப்பர்: கைபேசிக்குள் எது, கையில் எது

டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் செயலியில் இருக்கும் லைசென்ஸ், ஆர்.சி., காப்பீடு, எஃப்.சி. ஆகியவை அசலுக்குச் சமம். கேலரியில் இருக்கும் போட்டோ சமமல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் சண்டை போட்டு நேரத்தை இழக்காதீர்கள். செயலியில் ஒருமுறை திறந்து வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும்.

இ-வே பில் விஷயத்தில் ஓட்டுநர் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, பகுதி பி-யில் உங்கள் வண்டி எண் இருக்கிறதா? வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் அந்த எண்ணைப் புதுப்பிக்காமல் நகரக்கூடாது. இரண்டாவது, காலம். சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அளவு மீறிய பெரிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஒரகடத்திலிருந்து சென்னைத் துறைமுகமோ எண்ணூரோ காட்டுப்பள்ளியோ போக ஒரு நாள் தாராளம் என்று தோன்றும். துறைமுக வரிசையில் நின்றவர்களுக்கு அது தாராளமில்லை என்று தெரியும். மூன்றாவது, நீட்டிப்பு. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து முடிந்து எட்டு மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். அதைச் செய்ய வேண்டியது டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். நேரத்தில் நினைவூட்ட வேண்டியது நீங்கள். கைபேசியில் அலாரம் வையுங்கள்.

ஃபாஸ்டேக்: 2025 நவம்பர் 15 முதல், வேலை செய்யாத டேகோடு தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் நுழைந்தால் பணமாகக் கட்ட இருமடங்கு, யு.பி.ஐ.யில் கட்ட 1.25 மடங்கு. ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டிலோ பரனூரிலோ வரிசையில் நின்றபடி ஓனருக்குப் போன் போடுவதைவிட, கிளம்பும்போதே இருப்பைக் கேட்டு வாங்குங்கள். மாட்டிக்கொண்டால் யு.பி.ஐ.யில் கட்டுங்கள், ரசீது இல்லாமல் பேட்டாவிலிருந்து போன பணம் திரும்பி வராது.

5. வேலை நேரமும் நிறுத்தும் இடமும்

ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு: 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே சொன்னது இது. வண்டியைத் தயார்செய்வது, பேப்பர் முடிப்பது போன்ற துணை வேலையையும் அது வேலை நேரமாகவே எண்ணியது. அந்தச் சட்டம் இப்போது, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. 8 மணி, 48 மணி என்ற அடிப்படை மாறவில்லை. புதிதாக நீங்கள் கேட்கக்கூடியது நியமனக் கடிதம். “பேச்சுவார்த்தைதான் எங்க ஊர்ல அக்ரிமென்ட்” என்று சிரிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். பெயர், வேலை, சம்பளம், பேட்டா ஆகியவை எழுத்தில் இருந்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது “இவர் எங்க டிரைவரே இல்லை” என்று யாரும் சொல்ல முடியாது.

கம்பெனிகள் நிமிடக் கணக்கில் உதிரிபாகம் கேட்கின்றன; உங்கள் வண்டியோ கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் நிற்கிறது. தூக்கம் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது. எனவே எங்கே, எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது உங்கள் பாதுகாப்பும் இரண்டாம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் ஆகும்.

1. சாலையின் ஓரக் கோட்டுக்குள் சக்கரம் நிற்கும்படி நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ரோடு, கம்பெனி யார்டு, பங்க் வளாகம், இந்த வரிசையில் தேடுங்கள்.
2. பழுதால் நின்றே ஆகவேண்டுமானால் ஹசார்டு விளக்கைப் போட்டு, பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டரில் முக்கோணத்தை வையுங்கள். கல்லும் மரக்கிளையும் முக்கோணம் ஆகாது. வண்டியை எடுத்தபின் சாலையிலேயே கிடக்கும் அந்தக் கல் இன்னொருவரைச் சாய்க்கும்.
3. பின்பக்கப் பிரதிபலிப்புப் பட்டையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். சேறு மூடிய பட்டை இருந்தும் இல்லாததற்குச் சமம்.
4. மூடிய கேபினில் என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். வண்டிக்கு அடியில் நிழலுக்காகப் படுப்பதும் வேண்டாம்.

வேக வரம்பு: சரக்கு வண்டிக்கு நடுத்தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் மணிக்கு 80, நகராட்சிச் சாலையிலும் மற்ற சாலைகளிலும் 60. இவை மேல் எல்லை. உள்ளூரில் பலகை குறைத்துச் சொன்னால் பலகைதான் சட்டம்.

6. தின்னர், பெயின்ட், சிலிண்டர் ஏற்றினால்

சாதாரண லைசென்ஸ் போதாது. அபாயகரப் பொருளுக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் அதைப் பதிந்திருக்க வேண்டும். கேபினில் டிரெம் கார்டு எனப்படும் அவசர அட்டை, உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துட்டுப் போ” என்று பயிற்சி இல்லாதவரை ஏற்றிவிடுவதுதான் நடக்கிறது. மறுத்துவிடுங்கள்.

7. விபத்து நடந்துவிட்டால்

1. வண்டியை நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள், ஹசார்டு விளக்கைப் போடுங்கள்.
2. 108ஐ அழையுங்கள். போலீஸுக்கு 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அழைத்த நேரம் கைபேசியில் பதிவாகியிருக்கும்; அந்தப் பதிவை அழிக்காதீர்கள். நீங்கள் தப்பியோடவில்லை என்பதற்கு அதுதான் முதல் ஆதாரம்.
3. அடிபட்டவருக்கு உதவுங்கள். தமிழ்நாட்டில் “இன்னுயிர் காப்போம்” திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள் என்பதை உடன் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். 2025இல் வந்த மத்தியத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை.
4. கூட்டம் கூடி அடிக்க வந்தால் அங்கே நிற்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவே கும்பலின் ஆத்திரத்தைக் காரணமாக ஏற்கிறது. ஆனால் போகும் இடம் பக்கத்துக் காவல் நிலையமாக இருக்க வேண்டும், சொந்த ஊராக அல்ல. போகும் வழியிலேயே 112க்குச் சொல்லுங்கள்.
5. எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தகவல் போக வேண்டும்.
6. ஓனர் “வண்டியைப் போட்டுட்டு வந்துடு, வேற டிரைவர் பேரைக் கொடுத்துக்கலாம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆள் மாற்றிச் சொல்வது தனிக் குற்றம். டோல்கேட் கேமராவும் கைபேசி டவரும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

8. சலானும் பறிமுதலும்

போலீஸ் உங்கள் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால், 206ஆவது பிரிவின்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டைக் காட்டி ஓட்டலாம். சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மரியாதையாக, “சார், அக்னாலட்ஜ்மென்ட் கொடுத்துடுங்க” என்று கேட்டால் போதும்.

இ-சலான் வண்டி எண்ணில் மட்டுமல்ல, லைசென்ஸ் எண்ணிலும் ஏறும். வேலை மாறும்போது பழைய ஓனர் கட்டாமல் விட்ட சலான் உங்கள் பெயரில் நிற்கலாம். ஆகவே:

1. மாதம் ஒருமுறை பரிவாஹன் இணையதளத்தின் இ-சலான் பகுதியில் உங்கள் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.
2. உங்கள் தவறில்லாத சலான் என்றால், அந்த ட்ரிப்பின் எடைச் சீட்டு, கேட் பாஸ், ஓனருக்கு அனுப்பிய செய்தி ஆகியவற்றோடு ஆட்சேபம் பதியுங்கள்.
3. “உங்கள் மீது சலான் உள்ளது, இந்தச் செயலியை இறக்குங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடாதீர்கள். அரசு வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு அனுப்பாது. அதைத் திறந்தால் வங்கிக் கணக்கு காலியாகும். பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழையுங்கள்.
4. வேலையை விட்டு நிற்கும்போது, கடைசிச் சம்பளம் வாங்கும் அன்றே, ஓனர் எதிரிலேயே நிலுவைச் சலான்களைத் திறந்து காட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.